வெறும் சளிதானே!

போன வாரம் பழைய அலுவலக நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வயது 76. சிறுநீரகத்தில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது இம்யூனோதெரபி எடுத்துக்கொண்டிருக்கிறார். "நாளைக்குக் காலையில் கடற்கரைப் பக்கம் வரமாட்டேன். ரெண்டு நாளாய்க் கொஞ்சம் இருமல். வெறும் சளிதான்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. "அது வெறும் சளியா இல்லையா என்று நீங்களும் நானும் முடிவு செய்யக் கூடாது. இப்பவே உங்கள் டாக்டருக்குப் போன் போடுங்கள்" என்று குரலை உயர்த்தியே சொல்லிவிட்டேன். இருபது வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் அவர். என் குரல் உயர்ந்து அவர் கேட்டதே இல்லை. திகைத்துப் போயிருப்பார். காரணத்தை அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன். அவரும் இதைப் படிப்பவர்தான்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே தொடர்ந்து வருபவர்களுக்குத் தெரியும். எங்கள் வாத்தியார் சொல்வதெழுதுதல் போடும்போது 'ரியூம்' என்று ஒரு சொல்லையும் 'கிரிப்' என்று ஒரு சொல்லையும் அடுத்தடுத்துச் சொல்வார். ரியூம் என்றால் மூக்கு ஒழுகும் சாதாரண ஜலதோஷம். கிரிப் என்றால் இன்ஃபுளுயன்சா. பிரெஞ்சில் 'கிரிப்பே' என்றால் கவ்விப் பிடிப்பது. ஆளைக் கவ்விப் பிடிக்கும் காய்ச்சல் என்பதால் அந்தப் பெயர் என்று விளக்குவார். 1957-இல் ஆசியக் காய்ச்சல் என்று உலகையே சுற்றி வந்தது அந்தக் கிரிப்தான். எங்கள் வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் படுத்தோம். அண்ணனுக்கு அப்போது பதினொரு வயது. எனக்கு எட்டு. இருவரும் ஒரே பாயில், ஒரே போர்வையில் கிடந்தோம். மூன்றாம் நாளே எழுந்து தெருவில் பம்பரம் விட்டோம்.

பிரெஞ்சில் இரண்டு சொல்லாகப் படித்ததைத் தமிழில் ஒன்றாக்கிவிட்டேன். மூக்கு ஒழுகினாலும் சளி, நெஞ்சு கட்டினாலும் சளி. "சளிதானே" என்று சொல்லிவிட்டால் கோப்பு முடிந்தது.

அண்ணன் ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம்; வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குபவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். நான் இங்கே எல்.டி.சி.யாகச் சேர்ந்து யு.டி.சி.யாகிக் கோப்பு தூக்கிக்கொண்டிருந்த காலத்தில் அவர் கடல் கடந்து துப்பாக்கி தூக்கிக்கொண்டிருந்தார். பிறகு ஊர் திரும்பி முத்தியால்பேட்டையில் வீடு கட்டினார். ராணுவத்தில் பழகிய சிகரெட்டை மட்டும் எழுபது வயது வரை விடவில்லை.

அவருடைய 76-ஆம் வயதில் நுரையீரலில் கட்டி என்றார்கள். முதலில் கீமோவோடு சேர்த்து இம்யூனோதெரபி நான்கு தவணை. அதன்பின் மூன்று வாரத்துக்கு ஒரு முறை போய் டிரிப் போட்டுக்கொண்டு வரவேண்டும். தவணைக்கு லட்சத்தில் செலவு. பிரான்சில் வேலை பார்க்கும் அவர் மகன் பணம் அனுப்பினான். மருத்துவமனைக்குக் கூடப் போவதும் கோப்பைப் பராமரிப்பதும் என் பொறுப்பு. அண்ணி தனியாள், அவருக்கும் முழங்கால் வலி.

அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று முதல் நாள் மருத்துவர் அம்மா பொறுமையாக விளக்கினார். நம் ரத்தத்தில் டி அணுக்கள் என்ற காவல் அணுக்கள் உண்டு. அவை அளவுக்கு மீறிப் பாய்ந்து நம் உடம்பையே தாக்கிவிடாமல் இருக்க, இயற்கையே அவற்றுக்குக் கடிவாளங்கள் போட்டிருக்கிறது. பி.டி.-1 என்பது அப்படி ஒரு கடிவாளம். புற்றுநோய் தந்திரமாக அந்தக் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துக் காவலை நிறுத்திவைக்கிறது. மருந்து அந்தப் பிடியை விடுவிக்கிறது. ஜப்பானில் ஹொன்ஜோ என்ற விஞ்ஞானியின் குழு பி.டி.-1-ஐ 1992-இல் கண்டறிந்தது. வேறொரு கடிவாளத்தை ஆராய்ந்த அமெரிக்கர் அலிசனுக்கும் அவருக்கும் சேர்த்து 2018-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணன் சிரித்தார். "அதாவது டாக்டர், சொல்தாக்களை அவிழ்த்து விடுறீங்க. அவிழ்த்து விட்ட சொல்தா எதிரியை மட்டும் சுடுவான்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. நான் பார்த்திருக்கேன்" என்றார்.

"அதேதான் ஐயா" என்றார் மருத்துவர். "அவை உங்கள் நுரையீரலையோ குடலையோ தைராய்டையோ கூடத் தாக்கலாம். அதனால் புதிதாக இருமல், மூச்சுத்திணறல், வயிற்றுப்போக்கு எது வந்தாலும் அன்றைக்கே எங்களிடம் சொல்லிவிடுங்கள்." இன்னொன்றும் சொன்னார். கீமோவைப் போல இந்த மருந்து வெள்ளை அணுக்களைக் குறைப்பதில்லை. ஆனால் வயது, ஏற்கெனவே பழுதான நுரையீரல், முன்பு எடுத்த கீமோ எல்லாம் சேர்ந்திருப்பதால், சாதாரண வைரஸ் காய்ச்சல்கூட இவரைக் கீழே தள்ளிவிடும். ஆகவே இவருக்கும் வீட்டில் பழகுபவர்களுக்கும் ஃபுளூ தடுப்பூசி போட்டுவிடுங்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை நான் என்ன செய்தேன் தெரியுமா? துளை போட்டு, பக்க எண் இட்டு, கோப்பில் வைத்தேன். பக்கம் 14. இன்றைக்கும் இருக்கிறது. நடவடிக்கை எடுக்கவில்லை. "மழைக்கு முன்னால் போட்டுக்கலாம்" என்றார் அண்ணன். "ஆகட்டும்" என்றேன். மழை வந்துவிட்டது.

ஆறாவது தவணை முடிந்திருந்த நேரம். தீபாவளி கழிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமையே எனக்கு உடம்பு வலி, தொண்டையில் கரகரப்பு, லேசான காய்ச்சல். ஞாயிறு காலை ஒரு பாராசிட்டமால் போட்டதும் சரியானது போலிருந்தது. வீட்டில் கொடுவா மீன் குழம்பு. அண்ணனுக்கு உயிர். என் மனைவி தூக்கில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "உங்களுக்கு உடம்பு சரியில்லையே, பையனிடம் கொடுத்தனுப்பலாமே" என்றாள்.

"வெறும் சளிதானே" என்றேன்.

அலமாரியில் கொரோனா காலத்து முகக்கவசம் ஒரு பெட்டி நிறைய இருந்தது. எடுக்கவில்லை. அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, வெளியே மழையாக இருந்ததால் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, இரண்டு மணி நேரம் பழங்கதை பேசினோம். நடுவில் நான் எத்தனை முறை தும்மினேன் என்று நினைவில்லை.

செவ்வாய் இரவு அண்ணனுக்கு இருமல் தொடங்கியது. காய்ச்சல் பெரிதாக இல்லை, நூறைக்கூடத் தொடவில்லை. அதனால் யாரும் பயப்படவில்லை. வயதானவர்களுக்குப் பெரிய தொற்று வந்தாலும் காய்ச்சல் குறைவாகவே இருக்கலாம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அண்ணி கஷாயம் வைத்தார். முன்பு எப்போதோ வாங்கி மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையையும் கொடுத்தார். அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது.

வியாழக்கிழமை அடுத்த டிரிப் போட வேண்டிய நாள். இருமல் என்று சொன்னால் தள்ளிவைத்துவிடுவார்கள் என்று அண்ணனுக்குப் பயம். ஒரு தவணை தவறினால் கட்டி வளர்ந்துவிடும் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். "மழையா இருக்கு, திங்கட்கிழமை வரோம்னு சொல்லிடுடா" என்றார். நானும் போனில் அப்படியே சொன்னேன். மருத்துவர் அன்றைக்கே சொல்லச் சொன்ன ஒரே விஷயத்தை மறைத்து, மழையைச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அவரால் மாடிப்படி ஏற முடியவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு சிறிய மருத்துவமனைக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். பணியில் இருந்த இளம் டாக்டர், "கீமோ ஓடுதா?" என்று கேட்டார். "ஆமாம், அந்த மாதிரிதான்" என்றேன். அந்த மாதிரி இல்லை என்று எனக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தார்கள். கோப்பு வீட்டில் இருந்தது. அவர் ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். தப்பான பதிலைக் கொடுத்தவன் நான்.

சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு அண்ணி போன் செய்தார். குரல் நடுங்கியது. "தம்பி, அவரு என்னமோ பேசறாரு. எனக்குப் புரியல." நான் போய்ப் பார்த்தபோது அண்ணன் கட்டிலில் விறைப்பாக உட்கார்ந்து, பிரெஞ்சில் தன் ராணுவ எண்ணைத் திரும்பத் திரும்ப ஒப்பித்துக்கொண்டிருந்தார். யாரோ அதிகாரி எதிரில் நிற்பது போல. என்னைப் பார்த்தும் தெரியவில்லை. விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினேன். 86 காட்டியது. மூளைக்கு ஆக்சிஜன் போதாமல்தான் அந்தக் குழப்பம்.

ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்குப் போனோம். நல்லவேளையாகக் கோப்பை எடுத்துப்போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு நுரையீரலிலும் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. விடியற்காலையில் மருத்துவர் அம்மா வந்து எனக்கு விஷயத்தை விளக்கினார். அதை என் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன்.

இந்த வெள்ளை இரண்டு காரணத்தால் வரலாம். ஒன்று, வைரஸ். இன்னொன்று, அவிழ்த்து விட்ட காவல் அணுக்களே நுரையீரலைத் தாக்குவது. அதற்கு நிமோனைட்டிஸ் என்று பெயர். இருமலும் மூச்சுத்திணறலும் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். ஸ்கேனிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். ஆனால் வைத்தியம் வேறு. நிமோனைட்டிஸ் என்றால் அதிக அளவு ஸ்டீராய்டு கொடுத்துக் காவல் அணுக்களை அடக்க வேண்டும். வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும்போது அப்படி அடக்கினால் அது கொண்டாட்டமாகிவிடலாம். "முதல் நாளே வந்திருந்தால் தொண்டையிலும் மூக்கிலும் ஒரு பரிசோதனை எடுத்து, ஃபுளூ மாத்திரையைத் தொடங்கியிருப்பேன். அது முதல் 48 மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். இப்போதும் கொடுப்போம். ஆனால் நாள் கடந்துவிட்டது" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பரிசோதனை முடிவு வந்தது. இன்ஃபுளுயன்சா ஏ. கிரிப்.

யாரிடமிருந்து தொற்றியது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. ஆனால் முப்பத்தைந்து வருஷம் கோப்புகளில் தேதி பார்த்தவன் நான். சனி எனக்கு, ஞாயிறு சந்திப்பு, செவ்வாய் அவருக்கு. இந்த வைரஸ் உள்ளே போய் ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் வெளிப்படும். வேறு யாரும் அந்த வாரம் அந்த வீட்டுக்கு வரவில்லை.

ஓசெல்டமிவிர் மாத்திரை ஐந்து நாள் கொடுத்தார்கள். வைரஸ் தணிந்த பிறகும் ஆக்சிஜன் தேவை குறையவில்லை. நிமோனைட்டிஸும் சேர்ந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து ஸ்டீராய்டு தொடங்கினார்கள். அதன்பின்தான் மூச்சு இறங்கியது. பதினாறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்பதால் ஆறு வாரத்துக்கு மேல் படிப்படியாகக் குறைத்தார்கள். அதற்குள் சர்க்கரை ஏறியது, தொடைச் சதை கரைந்தது.

இம்யூனோதெரபியை நிறுத்திவிட்டார்கள். நுரையீரல் இவ்வளவு பாதிக்கப்பட்ட பிறகு அந்த மருந்தை மறுபடி கொடுப்பது ஆபத்து என்றார்கள்.

ஒரு மாலை, அண்ணன் வாசலில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது நான் வாயைத் திறந்தேன். "அண்ணே, அந்த ஞாயித்துக்கிழமை எனக்குக் காய்ச்சல் இருந்தது. சொல்லாமல் வந்தேன்."

"தெரியும்டா. நீ தும்மினதை நான்தானே பார்த்தேன்" என்றார். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐம்பத்தேழுல உனக்கு அந்தக் காய்ச்சலைக் கொடுத்தது நான். கணக்கு நேர். இதுக்கெல்லாம் விசாரணை கமிஷன் வைக்காதே."

மருந்தை நிறுத்திய பிறகும் கட்டி பதினோரு மாதம் வளராமல் இருந்தது. அப்படி அடங்கியே இருப்பதும் உண்டு என்றார் மருத்துவர். அந்தப் பதினோரு மாதத்தில் பேத்தி பிரான்சிலிருந்து வந்து போனாள். அண்ணன் அவளுக்குப் பம்பரம் விடச் சொல்லிக்கொடுத்தார். பிறகு கட்டி வளரத் தொடங்கியது. போன வருஷம் பங்குனியில் அவர் போய்விட்டார். மருந்து தொடர்ந்திருந்தால் இன்னும் இருந்திருப்பாரா என்று மருத்துவரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். அது நேர்மையான பதில். அந்தப் பதிலோடுதான் நான் இருக்க வேண்டும்.

நான் குமாஸ்தா. வருத்தத்தை எழுதினாலும் கடைசியில் ஒரு குறிப்பாணை எழுதாமல் கை நிற்காது. நம் வயதுக்காரர் யாராவது இம்யூனோதெரபி எடுத்துக்கொண்டிருந்தால் இதை அவர் வீட்டில் காட்டுங்கள்.

1. புதிதாக இருமல், மூச்சு வாங்குதல், லேசான காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, பேச்சில் தடுமாற்றம், இதில் எது வந்தாலும் அன்றைக்கே புற்றுநோய் மருத்துவருக்குச் சொல்லுங்கள். காய்ச்சல் ஏறட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள், அதன் பின்விளைவு தாமதமாகவும் வரும்.

2. மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை வேண்டவே வேண்டாம். எது வைரஸ், எது மருந்தின் பின்விளைவு என்று பரிசோதனை சொல்லட்டும்.

3. தவணை தள்ளிப்போகும் என்று பயந்து எதையும் மறைக்காதீர்கள். சில நாள் தள்ளிப்போவதால் பெரிய நஷ்டம் வராது. மறைத்தால் மருந்தே நின்றுபோகலாம். எங்களுக்கு நின்றது.

4. எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதல் வாக்கியமாக "இம்யூனோதெரபி எடுக்கிறார்" என்று சொல்லுங்கள். "கீமோ மாதிரி" என்று சொல்லாதீர்கள். மருந்தின் பெயர், கடைசியாகப் போட்ட தேதி, மருத்துவரின் தொலைபேசி எண் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள்.

5. ஃபுளூ தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டியது. ஊசியாகப் போடும் செயலிழந்த வகையை இவர்களும் போட்டுக்கொள்ளலாம். எப்போது என்று மருத்துவரைக் கேளுங்கள். வீட்டில் இருப்பவர்களும் அடிக்கடி வந்து போகிறவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும். கொரோனா, ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸ்களும் இதே வேலையைச் செய்யும். அவற்றுக்கான தடுப்பூசி பற்றியும் கேட்டுவிடுங்கள்.

6. உங்களுக்குத் தும்மல் இருந்தால் பார்க்கப் போகாதீர்கள். மீன் குழம்பைக் கொடுத்தனுப்புங்கள். பேசுவதற்குத் தொலைபேசி இருக்கிறது.

நண்பர் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போனார். பரிசோதனையில் இவருக்கு ஃபுளூ இல்லை. ஸ்கேனும் சுத்தமாக இருந்தது. ஜலதோஷம்தான். ரியூம். நான்கு நாளில் சரியாகிவிட்டது. "இதுக்குப் போய் இவ்வளவு சத்தம் போட்டீரே" என்று நேற்றுப் போனில் கேலி செய்தார். செய்யட்டும்.

இந்த ஆண்டு மழைக்கு முன்பே நானும் என் மனைவியும் தடுப்பூசி போட்டுக்கொண்டோம். ரசீதைக் கோப்பில் வைக்கப் போனபோது பக்கம் 14 கண்ணில் பட்டது. அதற்குப் பின்னால் அந்த ரசீதை வைத்து, "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று எழுதி, தேதி போட்டேன். மூன்று வருஷத் தாமதம்.